குளிர்பெட்டிக்குள் தென்னேரி

ஹாலந்து போய் இன்னா பாத்த என்று நீங்கள் இருவரும் பத்துத் தடவையாவது கேட்டிருப்பீர்கள். ஃப்ரிட்ஜ் பார்த்தேன் என்று நானும் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். யாழினி நம்பவில்லை. கவின் இன்னும் ஒரு படி மேலே போய், "எங்கப்பா போகவே இல்ல, வாலாஜாபாத்ல தங்கிட்டு வந்துட்டாரு" என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறான். அவன் டீச்சர் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சிரித்தார். எனவே முறையாக எழுதிவைக்கிறேன். நான் பிளஸ் டூவும் அதற்கு மேல் ஒரு வருஷம் லேப் படிப்பும் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் யாழினி சிவப்புப் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். ஓர் எழுத்துப் பிழை என்ன பாடு படுத்தும் என்பதுதான் நான் சொல்லப்போவதும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஊசி குத்துவது. பரிமளம் மேடம் என்ற டாக்டர் நடத்தும் மரபணு ஆராய்ச்சிக்காக ஊர் ஊராக முகாம் போட்டு ரத்தம் எடுப்பது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதிய ஒரு மிக நீளமான சுருள் இருக்கிறதாம். அதில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் மாறினால் கால் ஓயும், கண் மங்கும். எந்த இடம், எந்த எழுத்து என்று கண்டுபிடிக்கத்தான் ஆயிரக்கணக்கான பேருடைய ரத்தம் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆராய்ச்சி பெரியது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதில் ஏராளம். ஹாலந்துக்காரர்களுடையதும் பெரியது. பல தேசத்துக் குடும்பங்கள் அதில் இருக்கின்றன. ஆனாலும் தனியாக எதற்கும் எட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு நாள் முடிவானது. முடிவான பிறகு நடந்ததைப் பார்த்தால், இரண்டு பெரிய வீட்டார் சம்பந்தம் பேசின மாதிரிதான். நாங்கள் தேதியை முன்னால் எழுதுவோம், அவர்கள் வருஷத்தை முன்னால் எழுதுவார்கள். இதைப் பேசித் தீர்க்கவே ஆறு கூட்டம் நடந்தது. யார் பட்டியல் மேலே, யார் பட்டியல் கீழே என்பதற்கு இன்னும் நான்கு. தாம்பூலத் தட்டு ஒன்றுதான் குறை.

இதில் பொன்னி எங்கே வருகிறாள் என்று கேட்பீர்கள். நம் தென்னேரியில் அமுதா அத்தை வீட்டுப் பொன்னிதான். ஒன்பது வயது. இரண்டு வருஷமாக அவளுக்குக் கால் ஓய்ந்துகொண்டே வருகிறது. படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். சென்னையில் பார்த்த டாக்டர், "இந்த இடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கு. இதுதான் காரணம்னு சந்தேகம். ஆனா உலகத்துல வேற யாருக்கும் இது இருக்கிறதா நான் பாத்ததில்ல. இன்னொரு குழந்தை கிடைச்சாதான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். அமுதா என்னிடம் வந்து நின்றாள். "அண்ணா, உங்க ஆராய்ச்சியில தேடுங்கண்ணா" என்றாள். தேட வேண்டுமென்றால் முதலில் பொன்னி எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். தேடுகிறோம் என்று சொல்லித்தான் தென்னேரியில் முகாம் போட்டோம். பொன்னிக்கு ஊசி என்றால் நடுக்கம். அதனால் முதல் ஆளாக அவளுக்கு எடுத்து முடித்தேன். அடுத்து அமுதா, அதற்கடுத்து அவள் வீட்டுக்காரர் சேகர். அப்படியே அக்கம்பக்கத்துக் குடும்பங்களுமாக மொத்தம் இருபத்து நான்கு டியூப். அரசாங்க அனுமதியோடு ரத்தத்தை உறையவைத்து ஹாலந்துக்கு அனுப்பினோம். அங்கே இருக்கும் மிஷின் பெரியது, இத்தனை பேருடைய சுருளையும் முழுசாக அங்கேதான் படிக்க முடியும்.

சில மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முருகேசன், உங்க தென்னேரி எப்படிப்பட்ட ஊரு?"

"நல்ல ஊரு மேடம். பெரிய ஏரி."

"இந்த ரிப்போர்ட்டுப்படி உங்க ஊர்ல எந்தப் புள்ளையும் அவங்கவங்க அப்பா அம்மாவுக்குப் பொறக்கல. அமுதா ஆம்பள. உங்க பஞ்சாயத்துத் தலைவர் பொம்பள. இருபத்து நாலாவது ஆளோட டியூபே இல்ல."

நான் பிறந்து வளர்ந்த ஊர். தலைவருக்கு மட்டும் இது தெரிந்தால் என்னை ஏரியில் இறக்கிவிடுவார்.

டியூபுகள் கலந்துபோய்விட்டன என்பது ஹாலந்துக்காரர்கள் முடிவு. இரண்டு ஆராய்ச்சியும் கூடிப் பேசும் மூன்று நாள் கூட்டம் அங்கே நடக்கப்போகிறது. அதன் கடைசி நாளுக்குள் எது யாருடையது என்று நிரூபிக்க முடியாவிட்டால் தென்னேரிப் பெட்டி முழுவதையும் சேர்ந்த பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். டியூபில் எழுதிய ஆளே நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. எழுதிய ஆள் நான்தான். மற்ற ஊர்களில் மிஷின் அடித்துக் கொடுக்கும் ஸ்டிக்கரை ஒட்டுவோம். தென்னேரியில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. மார்க்கர் பேனாவால் கையாலேயே எழுதினேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அமுதா வீட்டுக்கு வந்தாள். "அந்தப் பெட்டிய தூக்கிப் போட்டுட்டா மறுபடி எப்பண்ணா எடுப்பாங்க?" என்றாள். அடுத்த சேர்க்கை எப்போது என்று எனக்கே தெரியாது. "தூக்கிப் போட விட மாட்டேம்மா" என்று சொன்னேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

உங்கள் அம்மா கோயில் இட்லி செய்து கட்டினாள். மிளகும் சுக்கும் சீரகமும் போட்டு மூங்கில் குடலையில் அவித்தது இரண்டு நாள் தாங்கும் என்றாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணி டப்பாவில் வைத்தாள். ஏர்போர்ட்டில் அதை ஸ்கேன் பண்ணின அதிகாரி உருளையாக இருப்பதைப் பார்த்துப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "இது இன்னா சார்?" என்றார். காஞ்சிபுரம் இட்லி என்றேன். இன்னொருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். அவர் மோந்து பார்த்து, "இதே மாதிரி வரதராஜர் கோயில்ல குடுத்தாங்க சார், விடுங்க" என்றார். பெருமாள் ஏர்போர்ட்டிலும் கைகொடுத்தார்.

ஹாலந்தில் நாங்கள் போக வேண்டிய ஊரின் பெயர் தொண்டையைச் செருமுவது போலத் தொடங்கும். மூன்று நாளும் முயன்று எனக்கு வரவில்லை. அதனால் வடக்கு ஊர் என்றே எழுதுகிறேன். அங்கே போகும் ரயிலில் மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கழிவறை தேடிப் பின்னால் இரண்டு பெட்டி நடந்து போனேன். திரும்பி வருவதற்குள் ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. புறப்பட்டபோது எனக்கு முன்னால் இருந்த பெட்டிகளைக் காணோம். அந்த ஊரில் ரயிலே நடுவில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி இன்னோர் ஊருக்கும் போகுமாம். அதை முன்கூட்டியே மைக்கில் சொன்னார்களாம். அவர்கள் பாஷையில் சொன்னார்கள். நம் ஊர் ரயில் எவ்வளவோ மேல். தாமதமாக வரும், ஆனால் முழுசாக வரும்.

எதிரில் நாயோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "கவலைப்படாதே. இது எங்களுக்கே நடக்கும்" என்று இங்கிலீஷில் சொல்லி, பையிலிருந்து கறுப்பு மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்தார். நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று நினைத்து வாயில் போட்டேன். உப்பு. மிட்டாயில் உப்பு. துப்பவும் முடியவில்லை, அந்த அம்மா அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார், நாயும் பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன். இன்னொன்று கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்த என்னைப் பார்த்து மேடம் சொன்னது இவ்வளவுதான். "தென்னேரிப் பெட்டி மட்டும் இல்ல, தென்னேரி ஆளும் தொலைஞ்சி போவீங்க போல."

மறுநாள் காலை ஆராய்ச்சிக் கட்டடத்துக்குப் போனோம். அந்த ஊரில் குளிர், மழை, காற்று மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தன, அதிலும் எல்லோரும் சைக்கிளில்தான் வந்தார்கள். கோட் போட்ட பெரிய டாக்டர்களும் சைக்கிளில். நம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட மழை வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். இவர்கள் ஒதுங்குவதில்லை.

தென்னேரிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் பெயர் ஹென்க். கதவு நிலைக்குக் குனிந்து வரும் உயரம், தாடி, நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து காபி கொடுத்தார். ஒரு தகர டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார். எடுத்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். ஒன்று. கைவிரல் அகலத்துக்கு ஒரே ஒன்று. "இது அவங்க வழக்கம்" என்று மேடம் காதில் சொன்னார். நான் பதிலுக்கு இட்லி டப்பாவைத் திறந்து அவர் தட்டில் மூன்று வைத்தேன். ஹென்க் கேக் என்று நினைத்துச் சாப்பிட்டு, மிளகு பட்டதும் கண் கலங்கி, "மிகவும் சுவாரஸ்யமான கேக்" என்றார்.

பிறகு குளிர்பெட்டி. நம் வீட்டு அலமாரியைவிடப் பெரியது. திறந்ததும் புகை மாதிரி வெளியே வந்தது. கனமான கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். ஹென்க் உள்ளேயிருந்து ஒரு தட்டை இழுத்தார். ஒவ்வொரு குழியிலும் ஒரு சின்ன டியூப், எல்லாவற்றிலும் அவர்கள் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர். கடைசிக் குழி காலி. இந்த இருபத்து மூன்றும் யார் யாரென்று எனக்குத் தெரியும், யார் எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யார் கை நரம்பு கிடைக்கவில்லை, எல்லாம் தெரியும். அவர்கள் எல்லோரும் உறைந்துபோய்ச் சத்தமில்லாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தென்னேரி அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் குழி டியூபை எடுத்துப் பனியைத் துடைத்தேன். ஸ்டிக்கருக்குக் கீழே என் மார்க்கர் எழுத்தின் வால் கொஞ்சம் தெரிந்தது. வளைந்து கடைசியில் நீண்ட கோடு. இரண்டு என்று நான் எழுதினால் அப்படித்தான் வால் நீளும். யாழினி கேலி செய்வாள். ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரு ஸ்டிக்கர் உரிக்க மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். உரித்தோம். இரண்டுதான். இரண்டாவது குழியில் மூன்று. மூன்றாவதில் நான்கு.

அமுதாவின் ரத்தம் பொன்னியின் குழியில் இருந்தது. சேகரின் ரத்தம் அமுதாவின் குழியில் இருந்தது. கலக்கவே இல்லை. எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதனால்தான் கடைசிக் குழி காலி.

அப்படியானால் முதல் டியூப் எங்கே? எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேடம் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், லா எங்கன்னு கேளுங்க" என்றேன்.

"எது எங்க?"

"லா மேடம். லாபம். மொத டியூபுல ஒன்னுன்னு எழுதல. லான்னு எழுதினேன்."

மேடத்துக்கு விளக்கினேன். எங்கள் அப்பா களத்தில் நெல் அளந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார். லாபம் என்பார், பிறகுதான் இரண்டு, மூன்று. ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்று ஓர் எண்ணம். நான் அந்தக் களத்துமேட்டுக்குப் பக்கத்திலேயே முகாம் போட்டு, கையால் எழுதவும் நேர்ந்ததில், நினைக்காமலே அப்பாவின் கணக்கு வந்துவிட்டது. பொன்னியின் டியூபில் லா என்று எழுதி, வரிசையாக இரண்டு, மூன்று என்று போட்டிருக்கிறேன்.

மேடம் இதை ஹென்குக்கு இங்கிலீஷில் சொல்ல முயன்றார். இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினார். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் ஹென்கின் முகம் மாறியது.

"ஏதோ கிறுக்கின மாதிரி ஒரு டியூப் இருந்தது. எண் இல்லை. மிஷினைச் சோதிக்க அனுப்பும் மாதிரி டியூப் என்று நினைத்துத் தனியாக எடுத்து வைத்தேன்" என்றார். "முதல் குழி காலியாக இருக்கக் கூடாதே என்று மற்றவற்றை நகர்த்தி வைத்தது நான்தான்."

அடித்தட்டில் ஓர் ஓரத்தில் அது கிடந்தது. தனியாக. பனியைத் துடைத்தால் என் கையெழுத்து: லா. எல்லோருக்கும் முன்னால் ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளையின் ரத்தத்தை மட்டும் யாருமே படிக்கவில்லை.

மூன்றாம் நாள் கூட்டம். நீள மேசை. ஒரு பக்கம் நம்மவர்கள், ஒரு பக்கம் அவர்கள், நடுவில் தண்ணீர் பாட்டில்கள். தென்னேரிப் பெட்டி என்ற பேச்சு வந்ததும் சம்பந்திச் சண்டை தொடங்கியது. அனுப்பிய விதத்தில் ஒழுங்கில்லை என்றார் அவர்கள் பக்கத்து மூத்தவர். வாங்கிய இடத்தில் ஒழுங்கில்லை என்றார் நம் பக்கத்து மூத்தவர். மாப்பிள்ளைக்கு ரசம் வரவில்லை என்று தொடங்கி நிச்சயதார்த்தம் வரைக்கும் போவது போல, தேதி எழுதும் பழைய தகராறு வரைக்கும் போய்விட்டது. எனக்கோ மூன்று மணிக்குக் கூட்டம் முடிந்துவிடும் என்ற நினைப்புதான்.

நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மேடத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன், அவர் மாற்றிச் சொன்னார். "மொத தப்பு என்னுது. நம்பர் எழுத வேண்டிய எடத்துல எங்க ஊரு வழக்கத்த எழுதிட்டேன். அது இங்க யாருக்கும் தெரியாது. தெரியாதுன்னு எனக்குத் தோணல."

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹென்க் எழுந்தார். "இரண்டாவது தப்பு என்னுடையது. புரியாததைக் கேட்காமல் தூக்கி வைத்தேன்" என்றார். அவர் பக்கத்து மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகம் காட்டியது. ஆனால் இரண்டு வீட்டிலும் ஆளுக்கொருவர் ஒப்புக்கொண்ட பிறகு சண்டை எப்படிப் போடுவது? கடைசியில் முடிவானது இது: முதல் டியூபைப் படிக்கலாம். ஆனால் அதன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டதால், அவர்கள் ஆள் ஒருவர் நேரில் இருக்க, பொன்னியிடமும் அப்பா அம்மாவிடமும் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் தென்னேரி உள்ளே. இல்லாவிட்டால் வெளியே.

ஹென்க் கை தூக்கினார். "நான் போகிறேன். அந்தக் கேக் இருக்கும்தானே?"

இப்படியாக என் வெளிநாட்டுப் பயணத்தின் மீதி நம் ஊரிலேயே நடந்தது. ஹென்க் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். கட்டிலுக்கு வெளியே கால் நீண்டதால் ஒரு நாற்காலி சேர்த்துப் போட்டார்கள். ஆட்டோவில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை தலையில் இடித்துக்கொண்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு, "சைக்கிள் கிடைக்குமா?" என்று கேட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அப்போது தறியில் பழைய பாவின், அதாவது நெடுக்கு இழைகளின், நுனியோடு புதுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றையும் அதனதன் ஜோடியோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பது. ஹென்க் தரையில் உட்கார்ந்து மூக்கை நீட்டிப் பார்த்தார். ஒரு இழை தவறினால் என்ன ஆகும் என்று என் மூலமாகக் கேட்டார்.

"அதுக்கப்புறம் இருக்கிறது அத்தனையும் மாறிப்பூடும்" என்றார் நெசவாளர், தலை நிமிராமல். பிறகு என்னைக் கேட்டார். "ஊரையே ஒரு எடம் தள்ளி ஒக்கார வெச்சவரு இவருதானா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஹென்க் விடவில்லை, சொல்லச் சொன்னார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "அவரைக் கேள், லா என்று எழுதினவரை என்ன செய்யலாம்?"

"அவரு வெளியூரு ஆளு, தெரியாம பண்ணிட்டாரு. நீ உள்ளூரு. ஒனக்குத்தான் ஒதை" என்றார் நெசவாளர். சைக்கிளும் கொடுத்தார்.

மறுநாள் ஹென்க் அதிலேயே தென்னேரிக்கு மிதித்தார். நான் பையோடு பஸ்ஸில் போனேன். வாலாஜாபாத் ரோட்டில் லாரிக்காரர்கள் எல்லோரும் அவருக்கு ஹாரன் அடித்தார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டினார். பஸ் மாறும் இடத்தில் நான் அரை மணி நேரம் நின்றதில், எனக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்து, ஏரிக்கரையில் நான்கு பேரோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பஞ்சாயத்துத் தலைவரும் அந்த நால்வரில் ஒருவர். அவர் பெண் என்று கம்ப்யூட்டரில் போட்டது தன் கைதான் என்பது ஹென்குக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியாது. இன்று வரைக்கும் தெரியாது. கவின், இதை நீ வகுப்பில் சொல்லக் கூடாது.

அமுதா வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவைத்திருந்தாள். ஹென்க் தலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார், கற்றுக்கொண்டிருந்தார். தட்டில் இரண்டு அதிரசம் வந்தது. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

"ஒத்தையா வெக்கக் கூடாதுங்க" என்றாள் அமுதா. ஒன்று தின்று முடிப்பதற்குள் தட்டில் மறுபடி இரண்டாக்கினாள். ஹென்க் என்னைப் பாவமாகப் பார்த்தார். பிஸ்கட் டப்பாவை மூடிய கை அது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொன்னி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "மாமா, என்ன மட்டும் தனியா தள்ளி வெச்சிட்டீங்களாமே" என்றாள்.

"ஆமாம்மா. என் தப்புதான்."

"இப்ப சரியா எழுதுவீங்களா?"

"எழுதுறேன்."

"நான் பாத்துக்கினு இருப்பேன்."

ஊசி குத்தும்போது கண்ணை மூடுகிற பிள்ளை, அன்றைக்கு மூடவில்லை. நான் டியூபில் என்ன எழுதுகிறேன் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக்கரும் ஒட்டினேன், பேனாவால் ஒன்று என்றும் எழுதினேன். ஹென்க் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். அமுதாவுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "ஒன்னுன்னா எழுதிட்டீங்க" என்று மெல்லக் கேட்டாள். அவங்க கணக்குக்கு அதுதாம்மா வேணும் என்றேன்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னை லேபே போதும் என்று, ஹென்க் மூன்று பேருடைய புது டியூபுகளையும் அங்கே கொடுத்துவிட்டுப் போனார். ஏர்போர்ட்டில் அவர் பெட்டியில் அதிரசம் ஒரு தூக்கும், இட்லி ஒரு டப்பாவும் இருந்தன. அவரையும் மோந்து பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். அந்த நாட்களில்தான் நீங்கள் என்னிடம் பேசவே பயந்தீர்கள். போன் அடித்தால் எழுந்து நிற்பேன். போன திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டார். "தென்னேரிக்குப் போறேன், நீங்களும் வாங்க" என்றார். வழியெல்லாம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அமுதாவும் சேகரும் நின்றுகொண்டே கேட்டார்கள். மேடம் கட்டிலில் பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். பழைய டியூபும் புது டியூபும் ஒன்றே. தென்னேரி பட்டியலில் சேர்ந்துவிட்டது. சேர்த்த பிறகு இரண்டு ஆராய்ச்சியின் பட்டியலையும் ஒன்றாக வைத்துத் தேடினார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு குழந்தை இருக்கிறாள். பொன்னிக்கு மாறிய அதே இடம், அதே எழுத்து. அதே மாதிரி கால்.

"பேரு, ஊரு எதுவும் நான் சொல்லக் கூடாது. இவ்வளவு சொல்லலாம்னு அந்த வீட்டுல சம்மதம் குடுத்திருக்காங்க" என்றார் மேடம். "மருந்து இன்னிக்கு இல்லம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது வரைக்கும் பொன்னி ஒருத்திதான். ஒருத்திக்காக யாரும் உக்காந்து தேட மாட்டாங்க. இனிமே தேடுவாங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து."

அமுதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சேகர் வெளியே போய், ஒன்றும் செய்யாமல், திரும்பி வந்தார்.

பொன்னிதான் கேட்டாள். "அந்தப் பொண்ணு படி ஏறுதா?"

"கைப்பிடிய புடிச்சிக்கிட்டு ஏறுவாளாம்."

"நானும் அப்டித்தான் ஏறுவேன்" என்றாள் பொன்னி. பிறகு ஆட்காட்டி விரலைத் தன் மார்பில் வைத்து, "லாபம்" என்றாள். அதே விரலைச் சன்னலுக்கு வெளியே, ஏரிக்கு அந்தப்புறம் நீட்டி, "ரெண்டு" என்றாள்.

அந்தப் பிள்ளை எந்தத் திசையில் இருக்கிறாள் என்று எனக்கும் தெரியாது. அதனால் நான் திருத்தவில்லை.